தொல் டி.என்.ஏ.வும் திமில் மாடுகளும்

அகழாய்வில் கிடைக்கும் எலும்பு, பல் முதலியவற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் கால்நடைகளின் பூர்வீகத்தை அறியும் முறை தொல் டி.என்.ஏ. ஆய்வு. வெப்பமான மண்ணில் டி.என்.ஏ. விரைவில் சிதைவதால், உட்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பையே ஆய்வாளர்கள் முதலில் தேடுவர்.

மாடுகள் இருமுறை தனித்தனியே பழக்கப்பட்டவை. திமிலற்றவை சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலும், திமிலுள்ளவை சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பகுதியிலும் மனிதர் வசமாயின. இவ்விரண்டும் கலந்த காலத்தை 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, 67 பழங்கால மாடுகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்புவரை மேற்காசிய மாடுகளில் திமில் மாட்டின் சுவடே இல்லை. பிறகு அது திடீரெனப் பெருகுகிறது.

வந்தவை பெரும்பாலும் காளைகள். தாய்வழி மட்டுமே கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ. பெருமளவு உள்ளூர்ப் பசுக்களுடையதாகவே நீடித்ததே இதற்குச் சான்று. மந்தைகள் தற்செயலாகக் கலந்திருந்தால் இப்படி நேராது. மக்கள் காளைகளைத் தேர்ந்து இனவிருத்திக்கு விட்டிருக்க வேண்டும். அக்காலத்தில் நிலவிய நெடிய வறட்சி இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. திமில் மாடுகள் வெப்பத்தையும் வறட்சியையும் நன்கு தாங்குபவை.