காற்றாலைக் கத்தி

கத்தி என்றதும் தெருவில் சாணை பிடிக்க வருபவரின் குரல் நினைவுக்கு வரும் தலைமுறை நம்முடையது. ஜெர்மனியில் ஓர் ஊரே சாணை பிடித்துத்தான் பிழைத்தது. அதன் பெயர் சோலிங்கன். வுப்பர் நதியும் அதில் சேரும் ஓடைகளும் தண்ணீர்ச் சக்கரங்களைச் சுழற்ற, கரையோரப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வாளுக்கும் கத்திக்கும் கூர் ஏற்றினார்கள்.

அந்த ஊரில் 1872-இல் ராபர்ட் ஹெர்டர் என்பவர் ஒரு கத்திப் பட்டறை தொடங்கினார். அவருடைய கத்திகளில் காற்றாலை முத்திரை இருக்கும். அதனால் காற்றாலைக் கத்தி என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதுகிலிருந்து விளிம்புவரை சீராக மெலிந்துகொண்டே வரும் அலகுதான் அதன் சிறப்பு. இதைக் கையால்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சூடேறி எஃகின் பதம் கெட்டுவிடும்.

அந்தக் கூருக்குச் சாணைக்காரர்கள் கொடுத்த விலை பெரிது. மணற்கல்லின் தூசி நுரையீரலில் படிந்து பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். சுழலும் கல் வெடித்து மாண்டவர்களும் உண்டு. செயற்கைச் சாணைக்கல்லும் தூசியை உறிஞ்சும் கருவியும் வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

1944 நவம்பரில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சோலிங்கன் நகரின் மையப்பகுதி எரிந்தது. போருக்குப் பின் துருப்பிடிக்காத எஃகும் இயந்திரச் சாணையும் வந்தன. தடித்த கத்தியே போதும் என்று ஜனங்கள் பழகிவிட்டார்கள். கைச்சாணைக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு வர இளைஞர்கள் இல்லை.

ஹெர்டர் குடும்பம் மட்டும் விடவில்லை. வயதான சாணைக்காரர்களின் பக்கத்தில் இளைஞர்களை உட்கார வைத்தது. புத்தகத்தில் எழுத முடியாத வித்தை அது. கல்லில் அலகு உரசும் சத்தத்தையும் விரலில் ஏறும் சூட்டையும் வைத்துப் பல வருடங்கள் பழகினால்தான் கைவரும். நான்காம் தலைமுறை பொறுப்பேற்ற பிறகும் அங்கே கையால்தான் சாணை பிடிக்கிறார்கள். பழைய கரிம எஃகுக் கத்தியும் இன்னும் தயாராகிறது. ஈரத்தோடு வைத்தால் அது துருப்பிடித்துவிடும். உடனே துடைத்து வைக்க வேண்டும். அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். முப்பது வருடத்தில் கற்றதை யாருக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லிக்கொடுக்கவில்லை.