பருவமில்லா நிலத்தில் பருவநிலை

உலகின் பருவநிலை வகைகளைப் பல நிறங்களால் காட்டும் நிலப்படத்தை மாணவர் பலரும் வகுப்பறையில் கண்டிருப்பர். அந்நிறங்கள் வெப்பத்தையும் மழையையும் மட்டும் குறிப்பன அல்ல. எப்பயிர் எங்கே வேரூன்றும், அதனைத் தொடர்ந்து எம்மக்கள் எங்கே குடியேறுவர் என்பதையும் அவை பெரிதும் உணர்த்துகின்றன. சிங்கப்பூரின் மேற்கே அமைந்த பூன் லே வட்டாரம் இதற்குத் தக்க சான்று.

இன்று பெருவழக்காக உள்ள பகுப்பினை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் விளாதிமிர் கெப்பன். வெப்பமண்டலம், வறண்ட மண்டலம், மிதவெப்பமண்டலம், கடுங்குளிர் மண்டலம், துருவமண்டலம் என ஐந்து பெரும்பிரிவுகளை அவர் வகுத்தார். தாவரங்கள் வளரும் எல்லைகளே அவருடைய அளவுகோலுக்கு அடிப்படை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் அவற்றின்வழிப் பிறக்கும் கருப்பொருள் எனக் கண்ட தொல்காப்பிய மரபினருக்கு இச்சிந்தனை அயலானதன்று. கெப்பன் எண்களால் எல்லை வகுத்தார். நம் முன்னோர் வாழ்வொழுக்கத்தால் வகுத்தனர்.

சென்னையும் சிங்கப்பூரும் ஒரே வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. ஆயினும் உட்பிரிவால் வேறுபட்டவை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பெரும்பாலும் வறண்டே கழியும். சிங்கப்பூரிலோ ஆண்டு மழை ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர். மழை குறைந்த பிப்ரவரியிலும் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. எந்த மாதச் சராசரியும் 60 மில்லிமீட்டருக்குக் குறையாத வெப்பநிலமே கெப்பன் கூறும் மழைக்காட்டுப் பருவநிலை. ஈரம் அறாத இந்நிலத்தில் இலையுதிர் காலமும் இல்லை, பனிக்காலமும் இல்லை.

அவ்வீரமே ஜூரோங்கின் பொருளாதாரத்தை வடிவமைத்தது. சியூ பூன் லே என்னும் வணிகர் அங்கே பெருந்தோட்டங்களை உடையவராக இருந்தார். வட்டாரத்தின் பெயரும் அவர் பெயரே. முதலில் காம்பியரும் மிளகும் பயிராயின. காம்பியர் இலையைக் காய்ச்சிச் சாயமும் தோல் பதனிடும் பொருளும் எடுப்பதற்குக் காடு விறகாயிற்று. மண்ணும் விரைவில் வளமிழந்தது. பின்னர் அந்நிலங்களில் ரப்பர் எழுந்தது.

ரப்பரின் தாயகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்கு ஏறத்தாழ 70,000 விதைகளைக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. அமேசானும் சிங்கப்பூரும் ஒரே வகைப் பருவநிலையைக் கொண்டமையால் கன்றுகள் இங்கே செழித்தன. மரத்திற்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890-களில் செம்மைப்படுத்தினார்.

நீண்ட வறட்சி இல்லாத நிலத்தில் ஆண்டு முழுவதும் பாலெடுக்கலாம்; ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது. மழை பொய்த்தால் வேலையும் பொய்க்கும் தமிழக ஊர்களிலிருந்து மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். மலாயாத் தோட்டங்களிலும், சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத் தோட்டங்களிலும் அவர்கள் வைகறையிலேயே பால்வெட்டச் சென்றனர். பருவம் தவறும் நிலத்தைவிட்டுப் பருவமே இல்லாத நிலத்திற்கு அவர்கள் வந்தார்கள்.

அவர்களோடு வந்த மொழியோ பருவங்களால் ஆனது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்தது தமிழ். 'பருவநிலை' என்னும் சொல்லிலேயே பருவம் உள்ளது. 1960-களில் ஜூரோங் தொழில்நகராக மாறியபின் பூன் லேயில் வளரும் மாணவர்க்குத் தோட்டமும் இல்லை, கூதிரும் இல்லை. ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்வித்தால் மட்டும் அவை அவர்க்கு உரியன ஆகா.

ஆயினும் ஒரு பற்றுக்கோடு உண்டு. அக்டோபரில் சென்னையை நனைக்கத் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்றே டிசம்பரில் பூன் லேயின் கால்வாய்களையும் நிறைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் விடியுமுன் வீசும் புயற்காற்றை இந்நாட்டார் 'சுமத்ரா' என்கின்றனர். ஆசிரியர் இவ்விரண்டையும் காட்டி, அவற்றினின்று காருக்கும் கூதிருக்கும் அழைத்துச் செல்வாராயின், மாணவர் தம் சன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைத் தமிழால் அறிவர். புலம்பெயர்ந்த மொழி புதிய நிலத்தில் வேரூன்றுவது அவ்வாறே.