பத்து சதவீதப் பவுடர்

1970களில் நான் வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் பூச்சிமருந்து என்றால் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: பி.எச்.சி. பத்து சதவீதத் தூள். "பவுடர் வந்துடுச்சா சார்?" என்று கேட்பார்கள். என்ன பவுடர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் சிலர் பழைய கம்பெனிப் பெயரிலேயே கேமாக்சின் என்பார்கள். வெளிறிய தூள். மூட்டையைப் பிரித்ததும் எழும் மக்கல் வாடை சட்டையை இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

தெளிப்பு மருந்தை விட்டுவிட்டு எல்லாரும் ஏன் தூளையே கேட்டார்கள் என்பதற்குத் தென்னாற்காட்டு மேட்டுநிலமே பதில். கைத்தெளிப்பானில் ஒரு ஏக்கருக்கு மருந்து அடிக்க ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆனி, ஆடியில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்த கொல்லைக்கு அந்தத் தண்ணீரை யார் சுமப்பது? குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போன காலம். தெளிப்பானும் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். தூளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பழைய வேட்டித்துணியில் தூளை மூட்டையாகக் கட்டி, அதை ஒரு கழியின் நுனியில் தொங்கவிட்டு, இன்னொரு குச்சியால் தட்டிக்கொண்டே நடந்தால் வேலை முடிந்தது. மார்பில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றும் டஸ்டர் பஞ்சாயத்து யூனியன் கிடங்கில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கப் பொறுமை இல்லாதவர்கள் உரம் வீசுவதுபோலக் கையாலேயே வீசினார்கள்.

விடியற்காலையில், இலையில் பனி ஈரம் காய்வதற்கு முன்பு தூவுங்கள் என்று நாங்கள் சொல்வோம். ஈரத்தில்தான் தூள் ஒட்டும். வெயில் ஏறினால் காற்று கிளம்பும். தூள் பயிரை விட்டு வேறெங்கோ போகும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்வோம். கட்டியவர்கள் குறைவு.

எங்கள் பகுதியில் பவுடருக்கு முதல் எதிரி சிவப்புக் கம்பளிப்பூச்சி. கோடை முடிந்து முதல் பெருமழை பெய்த சில நாட்களில் அந்தி நேரத்தில் மண்ணிலிருந்து அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். வெள்ளை இறக்கையின் முன் ஓரத்தில் வண்ணக் கோடு. இலையில் நூற்றுக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுப் போகும். குஞ்சுப் புழுக்கள் முதலில் இலையின் பச்சையைச் சுரண்டும். வளர்ந்ததும் செடியில் நரம்பைத் தவிர எதையும் விடாது. ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு ஆயிரக்கணக்கில் சாலையைக் கடந்து அடுத்த கொல்லைக்கு நடந்து போகும். கடைசியில் வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு மழை வரைக்கும் தூங்கும். இளம் புழு பவுடர் பட்டால் சாகும். உடம்பெல்லாம் முடி அடர்ந்த வளர்ந்த புழுவோ அதை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சாலையில் புழு நடப்பதைக் கண்ட பிறகுதான் பெரும்பாலானவர்கள் பவுடர் கேட்டு வருவார்கள்.

பயிர்மேல் தூளைத் தூவுவது நம் ஊருக்குப் புதிதன்று. அவரையில் அசுவினி அப்பினால் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவியது எல்லா வீட்டுக் கொல்லைப்புறத்திலும் நடந்ததுதான். சாம்பலில் நஞ்சு இல்லை. மென்தோல் பூச்சியின்மேல் படிந்து அதைக் காயவைக்கும், அவ்வளவே. நஞ்சைத் தூளாக்கிப் பயிருக்குப் போடும் வழக்கம் பெரிய அளவில் அமெரிக்காவின் உருளைக்கிழங்கு வயலில் ஆரம்பித்தது. 1860களில் கொலராடோ வண்டு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கிழங்கு வயல்களைத் தின்றுகொண்டே வந்தது. அப்போது சுவருக்கு அடிக்கும் பச்சை வண்ணப்பொடி ஒன்று கடைகளில் விற்றது. பெயர் பாரிஸ் கிரீன். செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொடி. 1867 வாக்கில் விவசாயிகள் அதை மாவோடோ சாம்பலோடோ கலந்து செடியில் தூவிப் பார்த்தார்கள். வண்டு செத்தது. 1892இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜிப்சி அந்துப்பூச்சியை அழிக்க ஈய ஆர்சனேட் வந்தது. அது இலையைக் குறைவாகக் கருக்கியது, மழையிலும் ஒட்டி நின்றது.

சென்னை மாகாணத்துக்கும் இந்தச் சரக்கு அறிமுகமாகித்தான் இருந்தது. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்ப்ரிக் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1914இல் சென்னையில் அச்சானது. டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் கையேடு 1940இல் வந்தது. எங்கள் தலைமுறைக்குப் பாடம் சொன்னவர்கள் இந்த இரண்டையும் படித்து வந்தவர்கள். இருந்தாலும் ஆர்சனிக் நம் குடியானவன் கைக்குப் பெரிதாக வரவில்லை. விலை ஒரு காரணம். காசு கொடுத்து மருந்து போடும் அளவுக்கு மானாவாரிப் பயிர் வருமானம் தராதது அதைவிடப் பெரிய காரணம்.

தூளை ஒரு தொழிலாகவே மாற்றியது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாசுக்குள் நுழைந்த காய்க்கூன்வண்டு முப்பது ஆண்டுகளில் பருத்தி விளையும் பகுதி முழுக்கப் பரவியது. லூசியானாவின் டலூலா என்ற ஊரில் அரசு ஆய்வுக்கூடம் நடத்திய பி.ஆர். கோட் என்பவர், சுண்ணாம்பும் ஆர்சனிக் அமிலமும் சேர்த்துச் செய்த கால்சியம் ஆர்சனேட் தூளை ஏக்கருக்கு 5 முதல் 7 பவுண்டு வரை, சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தூவினால் பருத்தி தப்பும் என்று காட்டினார். அதையும் பனி இறங்கிய இரவில் தூவச் சொன்னார்கள். கோவேறு கழுதை இழுக்கும் வண்டிகளில் இரவெல்லாம் தூள் பறந்தது. 1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில், ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி ஈய ஆர்சனேட் தூளை விமானத்திலிருந்து ஒரு மரத்தோப்பின்மேல் கொட்டினார். அடுத்த ஆண்டே டலூலாவில் பருத்திக்கும் அது வந்தது. பருத்திக்குத் தூள் தூவக் கிளம்பிய ஹஃப் டேலண்ட் டஸ்டர்ஸ் கம்பெனிதான் பின்னால் டெல்டா ஏர்லைன்ஸ் ஆனது.

ஆர்சனிக் தூளின் குறைகளும் அங்கேயே வெளிப்பட்டன. பூச்சி அதைத் தின்றால்தான் சாகும். செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி மேல்தூளைத் தொடாமல் ஊசிபோன்ற வாயை உள்ளே இறக்கிக் குடித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். கால்சியம் ஆர்சனேட் போட்ட வயலில் காய்க்கூன்வண்டு குறைந்தது, அசுவினி பெருகியது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சேர்ந்து செத்ததே காரணம். ஆர்சனிக் மக்கிப்போகும் பொருளும் அல்ல. ஈய ஆர்சனேட் அடித்த பழைய ஆப்பிள் தோட்டங்களின் மேல்மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்றைக்கும் இருக்கின்றன.

பி.எச்.சி. வந்ததும் ஆர்சனிக் பின்னுக்குப் போனது. 1825இல் மைக்கேல் ஃபாரடே பென்சீனைக் கண்டுபிடித்த கையோடு, குளோரினையும் சேர்த்து வெயிலில் வைத்து இந்தப் பொருளையும் செய்துவிட்டார். அது பூச்சியைக் கொல்லும் என்பது தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதைக் கண்டார்கள். டி.டி.டி.யும் அதே காலத்தில் வந்ததுதான். பி.எச்.சி. பட்டாலும் கொல்லும், தின்றாலும் கொல்லும், ஆவியாலும் கொல்லும். செய்வது வெகு சுலபம்: பென்சீன், குளோரின், வெளிச்சம். 1950களில் கல்கத்தா பக்கத்து ரிஷ்ராவில் அதன் உற்பத்தி தொடங்கியது. அரசின் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனமும் பின்னர் அதைத் தயாரித்தது. 1980களில் நம் நாட்டில் செலவான பூச்சிமருந்தில் எடைக்கணக்கில் பெரும்பங்கு பி.எச்.சி.தான்.

ஏக்கருக்குச் சிபாரிசு 10 கிலோ. அந்த மூட்டையில் 9 கிலோ மாக்கல் போன்ற கல்பொடி. தூளைப் பரப்புவதற்காக மட்டும் சேர்த்தது. மருந்து 1 கிலோ. அந்த ஒரு கிலோவுக்குள்ளும் ஒரே பொருள் இல்லை. ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அடுக்கிய பல வடிவங்கள் கலந்து இருக்கும்: ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று பெயர். இவற்றில் பூச்சியைக் கொல்வது காமா ஒன்றே. அது நூற்றுக்கு 13 பங்கு அளவில்தான் இருக்கும். ஆக, குடியானவன் தலையில் சுமந்து போன 10 கிலோவில் கொல்லும் சரக்கு சுமார் 130 கிராம். மிச்சமுள்ள 870 கிராம் பூச்சியை ஒன்றும் செய்யாது, ஆனால் லேசில் அழியவும் அழியாது. மேல்நாட்டில் காமாவை மட்டும் பிரித்து லிண்டேன் என்று விற்றார்கள். பிரிக்கச் செலவாகும், நம்மிடம் பிரிக்காமலே மூட்டையில் கட்டி விற்றார்கள். விலை மலிவாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

அந்த மிச்சம் எங்கே போனது என்பதையும் எங்கள் மாவட்டத்திலேயே அளந்து பார்த்தார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கிருந்தவர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு நெல்வயலில் பி.எச்.சி. போட்டு, அது மண்ணிலும் தண்ணீரிலும் காற்றிலும் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: போட்டதில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நம் ஊர் வெயில் அப்படி. காற்றில் ஏறியது குளிர்ந்த நாடுகள் மேல் போய் இறங்கும். வடதுருவக் கடல்நீரில் ஆல்பா வடிவம் அகப்பட்டதற்கு இப்படிப்பட்ட பயணம்தான் காரணம். பீட்டா வடிவம் கொழுப்பில் தங்கும். மாட்டுத்தீவனம் வழியாகப் பாலுக்கும் நெய்க்கும், அங்கிருந்து தாய்ப்பாலுக்கும் அது வந்தது. உருளைக்கிழங்கிலும் கடலையிலும் மண் வழியாகவே மக்கல் வாடை ஏறும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

ஜப்பான் 1971இலும் சீனா 1983இலும் பி.எச்.சி.யை நிறுத்திவிட்டன. இந்தியாவில் 1997 ஏப்ரல் 1 முதல் தடை. "மலிவா இருந்ததை நிறுத்திட்டீங்களே" என்று விவசாயிகள் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அந்த இடத்துக்கு மாலத்தியான், குயினால்பாஸ், மீத்தைல் பாரத்தியான், கார்பரில் தூள்கள் வந்தன. கடைசி இரண்டையும் 2018இல் அரசு தடை செய்தது.

தண்ணீர் இல்லாத நிலத்துக்கு வேறு மருந்து எட்டாத காலத்தில் பவுடர் ஓர் உதவி. அதைத் தூவியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பவுடரால் ஊர் இழந்தது வேறொன்று. கம்பளிப்பூச்சிக்குப் பழைய வழிகள் உண்டு: கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டுவது, அந்துப்பூச்சி வரும் இரவுகளில் தீமூட்டுவது, முட்டைக்குவியலைப் பொறுக்குவது, புழு நடந்து வரும் வழியில் பள்ளம் வெட்டுவது. இவற்றில் எதையும் ஒருவன் தனியாகச் செய்து பயனில்லை. ஊரே ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். பவுடர் வந்ததும் அவரவர் கொல்லைக்கு அவரவர் மூட்டை என்றாயிற்று. பக்கத்து நிலத்துக்காரனைக் கேட்க வேண்டிய அவசியம் போயிற்று. புழு மட்டும் வரப்பைத் தாண்டிக்கொண்டே இருந்தது.

இன்று மருந்து வாங்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பூச்சி சாகுமா என்பதோடு நிறுத்தாதீர்கள். மூட்டையில் கொல்லும் சரக்கு எத்தனை பங்கு, மிச்சம் எங்கே போகும் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். தாத்தா வைத்த பவுடர் வீட்டுப் பரணில் இன்னும் இருந்தால் அதை விதைத் தானியத்திலோ மாட்டின்மேலோ போடாதீர்கள். எரிக்கவும் கிணற்றோரம் புதைக்கவும் வேண்டாம். பையைப் பிரிக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் முதல் மழை பெய்ததும் பக்கத்துக் கொல்லைக்காரரையும் அழைத்து ஒன்றாக உழுங்கள்.