இலைச்சுருட்டிகள்: ஒரு பெயர், பல குடும்பங்கள்

இலையைச் சுருட்டியோ மடித்தோ நூலால் பிணைத்தோ அதற்குள் இருந்து தின்னும் புழு எதுவானாலும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அது இலைச்சுருட்டிதான். வெண்டியில் இருப்பதும் கத்தரியில் இருப்பதும் நெல்லில் இருப்பதும் ஒரே பெயரைப் பெறுகின்றன. விலங்கியல் இவற்றை ஒரே கூட்டமாக ஏற்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கும் லெபிடொப்தெரா வருணத்தில் இலை சுருட்டும் பழக்கம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. தோட்டக்காரர் புழு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார். வகைப்பாட்டாளர் அந்தின் உடலைப் பார்த்துப் பெயர் வைத்தார். இந்த இரண்டு பார்வைகளும் பிரிந்தும் சேர்ந்தும் வந்த கதை இரண்டரை நூற்றாண்டு நீளமுடையது. அதன் முக்கியமான சில கட்டங்கள் இலங்கையிலேயே நடந்தன.

தோட்டத்தில் காணப்படுபவை

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள திருநெல்வேலி, செம்பாட்டு மண்ணும் கிணற்றுப் பாசனமும் கொண்ட வலிகாமத் தோட்டப் பகுதியின் நடுவே இருக்கிறது. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் எனச் சுற்றிலும் விளையும் மரக்கறிகள் திருநெல்வேலிச் சந்தைக்கு வருகின்றன. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உண்டு. 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கப்பட்ட வளாகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பயிர் நிற்கும் இந்த மண்ணில் இலைச்சுருட்டிகளுக்கு உணவு தட்டுப்படுவதில்லை.

இவற்றுள் எளிதில் கண்ணில் படுவது வெண்டி இலைச்சுருட்டியான ஹரிடலோடெஸ் டெரோகாட்டா. வெண்டியோடு பருத்தி, செவ்வரத்தை, பூவரசு ஆகியனவும் இதன் உணவுத் தாவரங்கள். எல்லாமே மல்வேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்து வேலிகளில் பூவரசு நிறைய நிற்பதால், தோட்டத்தில் வெண்டி இல்லாத காலத்திலும் இந்த அந்துக்கு இடம் இருக்கிறது. கத்தரியில் இலையை நீளவாக்கில் மடித்து உள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டுவது அன்டோபா ஒலிவாசியா. கீரைத் தண்டுகளில் இலைகளை நூலால் கட்டுவது ஸ்பொலாடியா ரெகர்வாலிஸ். பாகல், புடோல், வெள்ளரி இலைகளை இழுத்து மடிப்பது டயபானியா இன்டிகா. பயறு, கௌபி ஆகியவற்றில் ஒமியோடெஸ் இன்டிகாட்டா வரும். நிலக்கடலையில் அப்ரோஏரேமா மோடிசெல்லா முதலில் இலைத்தோலுக்குள் சுரங்கம் தோண்டும். புழு சற்று வளர்ந்ததும் வெளியே வந்து சிற்றிலைகளைச் சேர்த்துக் கட்டும்.

இந்த ஆறில் வெண்டி, கீரை, பாகல், பயறு ஆகியவற்றில் வாழும் நான்கும் கிராம்பிடே குடும்பத்தவை. நிலக்கடலைப் புழு கெலெக்கியிடே குடும்பத்தது. கத்தரிப் புழு இரவில் திரியும் பருத்த அந்துகளின் கிளையைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இலைச்சுருட்டி என்ற பெயருக்கு முதல் உரிமையாளராகக் கருதப்படும் டோர்ட்ரிசிடே குடும்பத்தவை இந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. அவற்றைத் தேடினால் மலைநாட்டுத் தேயிலைக்குத்தான் போக வேண்டும்.

சுருட்டும் முறை

சுருண்ட வெண்டி இலை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் புழுவின் வேலை முழுவதும் தெரியும். இலையின் விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி, யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் போல, பல சுற்றாக இலை உருட்டப்பட்டிருக்கும். சுற்றுகளுக்கு இடையே வெள்ளை நூல்கள் குறுக்கே ஓடும். உள்ளே கரிய எச்ச மணிகள் குவிந்திருக்கும். அவற்றின் நடுவே ஒளி ஊடுருவும் வெளிர்பச்சை நிறத்தில், கருந்தலையுடன் புழு நெளியும். கூட்டுப்புழுப் பருவத்தையும் அது பெரும்பாலும் அதே சுருளுக்குள்தான் கழிக்கிறது. வெளிவரும் அந்து, மங்கிய மஞ்சள் சிறகில் கபில நிற நெளிகோடுகள் கொண்டது.

தன் உடலைவிடப் பல மடங்கு அகலமான இலையைச் சிறு புழு வளைப்பது தசை வலுவால் மட்டும் அல்ல. கீழ் உதட்டிலுள்ள சுரப்பித் துளையிலிருந்து வரும் பட்டுநூலை அது இலையின் ஒரு புள்ளியில் ஒட்டி, தலையை வீசி எதிர்ப்புறத்தில் இன்னொரு புள்ளியில் ஒட்டுகிறது. இழுத்து ஒட்டப்பட்ட ஈர நூல் பின்னர் நீளம் குறைகிறது. ஒரு நூலின் இழுவை மிகச் சிறிது. நூற்றுக்கணக்கில் சேரும்போது இலை விளிம்பு மெல்ல மெல்ல உள்ளே வளைகிறது. வளைந்த இடத்தில் புழு மேலும் குறுகிய நூல்களை இடுகிறது. சில இனங்கள் நடுநரம்பைக் கடித்துத் தளர்த்தி இலையை இளக்கிக்கொள்கின்றன.

சுருளால் கிடைக்கும் நன்மைகள் பல. வெயிலும் வறட்சியும் புழுவை நேரே தாக்குவதில்லை. பறவைகளும் வேட்டைக் குளவிகளும் எளிதில் காண்பதில்லை. தெளிக்கும் மருந்தும் உள்ளே சரியாகப் படுவதில்லை. வெளிச்சம் குறைந்த உள்மடிப்பு மென்மையாகவே இருக்கும். தீமையும் உண்டு. சுருண்ட இலை, புழு இங்கே இருக்கிறது என்று ஒட்டுண்ணிக் குளவிகளுக்குக் காட்டிக்கொடுக்கிறது. சேரும் எச்சத்தின் மணமும் அவற்றை வரவழைக்கும். டோர்ட்ரிசிடே குடும்பத்தின் பல இனங்களில் உடலின் கடைசித் துண்டத்தில் சீப்பு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. எச்சத்தைச் சுருளுக்கு வெளியே சுண்டி எறிய அது உதவுகிறது. தொட்டால் இப்புழுக்கள் வேகமாகப் பின்னோக்கி நெளிந்து, நூலில் தொங்கி இறங்கிவிடும். ஆபத்து நீங்கியபின் அதே நூலைப் பற்றி ஏறிவரும். புழு வெளியேறிய சுருள்களில் சிலந்திகளும் வேறு சிறு பூச்சிகளும் குடியேறுகின்றன.

பெயரிட்டவர்கள்

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட சிஸ்டெமா நேச்சுரேயின் பத்தாம் பதிப்பில் அந்துகளில் பெரும்பாலானவற்றைப் பலீனா என்ற ஒரே சாதிக்குள் அடக்கி, அதைச் சில பிரிவுகளாக வகுத்தார். அவற்றுள் டோர்ட்ரிக்ஸ், பைராலிஸ், டினியா ஆகிய மூன்றும் சிறிய அந்துகளுக்கு உரியவை. பிரிவைப் பெயரின் ஈற்றிலேயே காட்டும் ஒழுங்கையும் அவர் தொடங்கிவைத்தார். பைராலிஸுக்கு ‘ஆலிஸ்’, டினியாவுக்கு ‘எல்லா’ என்பன ஈறுகள். கீரைப் புழுவின் ரெகர்வாலிஸும் நிலக்கடலைப் புழுவின் மோடிசெல்லாவும் அந்த ஒழுங்கின் எச்சங்கள்.

லின்னேயஸின் மாணவரான டேனிய அறிஞர் ஃபப்ரீசியஸ் 1775 இல் வெளியிட்ட நூலில் இந்தியப் பூச்சிகள் பல முதன்முறையாகப் பெயர் பெற்றன. வெண்டிச்சுருட்டி, கீரைக்கட்டி, பயறுச்சுருட்டி மூன்றுக்கும் இனப்பெயர் வைத்தவர் அவரே. தரங்கம்பாடியில் டேனிய மிஷனின் மருத்துவராக இருந்த கோனிக் அனுப்பிய பூச்சிகள் பலவும் அவர் கைக்குப் போயின. தமிழ்க் கரையோரத்துப் பூச்சிகள் ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்ற முதல் வழிகளில் அது ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை இத்துறையின் பெரிய களமானது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் அந்துகளையும் புழுக்களையும் உயிருடன் வளர்த்துப் பார்த்துத் தீட்டினர். அந்த ஓவியங்களுடன் பிரெடெரிக் மூர் எழுதிய ‘இலங்கையின் லெபிடொப்தெரா’ 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. ஹம்ப்சனின் பிரித்தானிய இந்திய அந்துத் தொகுதிகள் 1892 இலிருந்து 1896 வரை வந்தன. இன்று கிராம்பிடேயில் உள்ளவை அப்போது பைராலிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் இருந்தன.

சிற்றந்துகளில் அதிக எண்ணிக்கையில் பெயரிட்டவர் இங்கிலாந்தின் மால்பரோ பள்ளி ஆசிரியர் எட்வர்ட் மேரிக். 1938 இல் காலமாகும் முன் 14,000க்கும் மேற்பட்ட இனங்களை அவர் விவரித்திருந்தார். இலங்கை அரசின் பூச்சியியலாளர் கிறீனும் மஸ்கெலியா, புத்தளம் போன்ற இடங்களில் சேகரித்த பிறரும் அவருக்கு மாதிரிகள் அனுப்பினர். மேரிக் சிறகு நரம்புகளின் அமைப்பையே பெரிதும் நம்பினார். இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியில் பார்த்து இனம் பிரிக்கும் முறையை அவர் ஏற்கவில்லை. அடுத்த தலைமுறையினர் அந்த முறையையே அடிப்படையாக்கினர். அவர்களுள் ஜாவாவிலும் லைடனிலும் பணியாற்றிய தியாகொனோஃப் முக்கியமானவர். இலங்கையில் திரட்டிய சிற்றந்துகள் பற்றி அவர் 1982 இல் விரிவான ஆய்வு வெளியிட்டார்.

கிராம்பிடேயைத் தனிக் குடும்பமாக நிறுத்தியது செவி. இவ்வந்துகள் வயிற்றின் அடியிலுள்ள செவிப்பறையால் வௌவாலின் ஒலியைக் கேட்டு விலகுகின்றன. பைராலிடேயில் செவிக்கூடு முன்புறம் மூடியிருக்கும். கிராம்பிடேயில் அது திறந்திருக்கும். 1980களில் பிரெஞ்சு ஆய்வாளர் மினே இந்த வேறுபாட்டை விளக்கியபின் பிரிவு உறுதியானது. பயிரை நாடும் இலைச்சுருட்டிகள் பல அடங்கிய ஸ்பைலோமெலினே துணைக்குடும்பத்தில் ஏறத்தாழ 4,000 இனங்கள் உள்ளன. மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து 2019 இல் வெளியான ஆய்வு அதைப் பதின்மூன்று குலங்களாக வகுத்தது.

தேயிலையின் டோர்ட்ரிக்ஸ்

இலங்கையில் வாழ்ந்த ஜெர்மானியக் கோப்பித் தோட்டக்காரர் நீட்னர், கோப்பியின் பகைகள் பற்றி 1861 இல் எழுதிய நூலில் ஓர் இலைச்சுருட்டிக்கு கொஃபியேரியா என்று பெயரிட்டார். இன்று அது ஹோமோனா கொஃபியேரியா. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, மலைகள் தேயிலைக்கு மாறியபோது இந்த அந்தும் தேயிலைக்கு மாறியது. பெண் அந்து முதிர்ந்த இலையின் மேற்பரப்பில் மீன் செதில்போல் அடுக்கி முட்டையிடுகிறது. புழுக்கள் இளம் இலைகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தின்கின்றன. பறிக்க வேண்டிய கொழுந்தே இதனால் பாழாகிறது. முட்டைத் திரள்களைத் தொழிலாளர் கையால் பொறுக்குவதே நெடுங்காலம் முக்கியத் தடுப்பாக இருந்தது.

1935–36 இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற குளவி கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. அது இளம்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். சில ஆண்டுகளில் அது மலைநாடெங்கும் பரவி டோர்ட்ரிக்ஸைப் பெரிதும் அடக்கியது. உலகின் வெற்றிகரமான உயிரியல் கட்டுப்பாடுகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. 1950களின் பிற்பகுதியில் தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் தெளிக்கப்பட்டபோது குளவி மடிந்தது, டோர்ட்ரிக்ஸ் மீண்டும் பெருகியது. அதன்பின் அந்த மருந்தின் பயன்பாடு கைவிடப்பட்டது. யப்பானிய தேயிலையில் வாழும் இதேபோன்ற அந்து வேறு இனம் என்பதையும் தியாகொனோஃப் 1948 இல் காட்டி அதற்குத் தனிப்பெயர் வைத்தார்.

நெல்லின் மடிப்பன்

வலிகாமத்தின் தாழ்நில வயல்களிலும் தென்மராட்சியிலும் காலபோக நெல்லில் வரும் இலைச்சுருட்டி உண்மையில் சுருட்டுவதைவிட மடிக்கவே செய்கிறது. நெல்லின் ஒடுங்கிய தாளின் இரு விளிம்பையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கி, உட்புறப் பச்சையத்தைச் சுரண்டுகிறது. வெளியே இருந்து பார்க்கையில் தாளில் நெடுக வெள்ளைக் கோடுகள் தெரியும். ஒரு புழு பல தாள்களை மாற்றிக்கொள்ளும். 1854 இல் பிரெஞ்சு நாட்டு கெனே சால்பியா மெடினாலிஸ் என்று பெயரிட்ட இந்த அந்து இப்போது நபலோக்ரோசிஸ் சாதியில் இருக்கிறது. அதே வயலில் இதைப் போன்ற வேறு இனங்களும் கலந்திருக்கலாம் என்பது பின்னரே தெளிந்தது. தென்கிழக்காசிய நெல்லில் வாழும் பட்னாலிஸ் என்ற இனத்துக்கு பிராட்லி 1981 இல்தான் பெயரிட்டார்.

1960கள் வரை இது சிறு பீடையாகவே கருதப்பட்டது. புதிய நெல்லினங்களும் யூரியாவும் வந்தபின் ஆசியா முழுவதும் இதன் பெருக்கம் கூடியது. தழைச்சத்து மிகுந்த, கரும்பச்சையாய் நெருங்கி நிற்கும் பயிரையும் நிழல் விழும் வயலோரத்தையும் பெண் அந்து விரும்புகிறது. வெள்ளைக் கோடுகளைக் கண்டவுடன் மருந்தடிப்பது வழக்கமானது. அந்த மருந்து சிலந்திகளையும் முட்டை ஒட்டுண்ணிகளையும் முதலில் கொன்றது. முதல் நாற்பது நாட்களில் ஏற்படும் இலைச்சேதத்தை நெற்பயிர் புதிய தாள்களால் ஈடுசெய்துவிடும் என்பதை ஆய்வுகள் காட்டின. வியட்நாமின் லோங் ஆன் மாகாணத்தில் 1994 இல் இதையே விவசாயிகளிடம் எடுத்துச் சென்ற இயக்கம் மருந்தடிப்பை வெகுவாகக் குறைத்தது. முட்கொப்பை வயலின் மேல் இழுத்து மடிப்புகளைப் பிரித்துவிடும் பழைய முறையும் இன்றுவரை பரிந்துரைக்கப்படுகிறது.

இன்றைய நிலை

குடாநாட்டில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யூரியா கிடைப்பது அரிதானது. 2021 இல் நாடு முழுவதும் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை சில மாதங்கள் நீடித்தது. இவ்விரு காலங்களுக்கும் வெளியே செம்பாட்டுத் தோட்டங்கள் பசளையையும் பூச்சிநாசினியையும் பெருமளவில் பயன்படுத்தி வந்துள்ளன. சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் மண்ணில் தெளிப்பது கிணற்று நீருக்கே இறங்கும் என்பதால் மாற்று முறைகளின் தேவை இங்கே அதிகம். வெண்டியில் சுருண்ட இலைகளைத் தொடக்கத்திலேயே கிள்ளி அழித்தால் பெரும்பாலான புழுக்கள் அவற்றோடு போய்விடும். வேப்பம்விதைக் கரைசல் இளம்புழு சுருளுக்குள் புகுமுன் பயன்தரும்.

பல இனங்களைப் புழு நிலையில் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சுருளோடு எடுத்து மூடிய போத்தலில் வளர்த்து, வெளிவரும் அந்தைப் பார்க்க வேண்டும். அந்துக்குப் பதிலாகச் சிறு குளவி வெளிவந்தால், அந்தத் தோட்டத்தில் ஒட்டுண்ணி ஏற்கெனவே வேலை செய்கிறது என்று பொருள். அந்த நிலையில் மருந்தடித்தால் தேயிலையில் நடந்ததே தோட்டத்திலும் நடக்கும். ஒட்டுண்ணிகள் பல குறிப்பிட்ட சில இனங்களையே நாடுவதால், எந்தக் குளவி எந்தப் புழுவுக்கு என்பதைத் தீர்மானிக்க வகைப்பாட்டாளரின் பெயரே வேண்டும். சுருளை எப்போது கிள்ளுவது, பயிரை எப்போது அதன் போக்கில் விடுவது என்பதற்குத் தோட்டக்காரரின் பார்வை போதும்.