வலி என்னும் காவலன்: வேலூர் தந்த பாதப் பாதுகாப்பு வரலாறு

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், வழக்கம்போல் கல்வெட்டைப் பற்றியோ சமணக் காப்பியத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை காலைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். பெங்களூரு சிவாஜி நகரில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் வியாபாரி. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது என் பாதமே.

கடைக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் கடைப் பையன், "ஐயா, தரையெல்லாம் ரத்தமா இருக்கே, யாருக்கு அடிபட்டது?" என்று கேட்டான். யாருக்கு என்று நானும் சேர்ந்து தேடினேன். கடைசியில் பார்த்தால் என் பெருவிரலுக்குக் கீழே ஒரு பித்தளைச் சீவல் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறேன். துளியும் வலிக்கவில்லை.

வலிக்காத காயந்தானே என்று இருந்துவிட்டேன். மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. பிறகு போய்ப் பார்த்த இளம் மருத்துவர் ரத்த ஓட்டத்தைச் சோதித்து, புண்ணைச் சுத்தம் செய்து, பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டுப் போட்டார். "எலும்பு முறியலையே டாக்டர், எதுக்குக் கட்டு?" என்றேன். அவர் கன்னடக்காரர், நல்ல தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது உங்க ஊர் வைத்தியம் சார். வேலூர்ல பொறந்தது." அவர் சொன்னது முக்கால் உண்மை. மீதிக் காலைத் தேடியபோது கதை கொழும்பு வரை சென்றது.

இன்சுலினுக்குப் பின் வந்த ஆபத்து

மதுமேகம் நம் பழைய மருத்துவ நூல்கள் அறிந்த நோய். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதுவரை நினைவிழந்து விரைவில் இறந்தவர்கள் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினார்கள். ஆனால் நெடுநாள் உடலில் தங்கிய சர்க்கரை, நரம்பையும் ரத்தக் குழாயையும் மெல்ல மெல்ல அரித்தது. பாதம் அழுகும் கேடு மேலே வந்தது. பாஸ்டன் நகரத்து நீரிழிவு மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1934இலேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்தார். நம் பக்கம் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் சென்னை ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் பாதப் பாதுகாப்பிலும் அது பெயர் பெற்றது.

ஆயினும் ஆறாப்புண் ஏன் ஆறவில்லை என்ற கேள்விக்கு விடை, நீரிழிவு மருத்துவத்திலிருந்து வரவில்லை. தொழுநோயாளிகளின் கட்டிலருகே கிடைத்தது.

கொல்லிமலையில் பிறந்தவர்

பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில், ஆங்கிலேய ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்று காட்டியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பதே அன்றைய பொது நம்பிக்கை.

பிராண்ட் தாமே எழுதிய ஒரு நிகழ்ச்சி. துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பையனுக்கு இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியுமளவு அறுந்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. நமக்கென்றால் வலி தடுத்து நிறுத்தியிருக்கும். அவனை நிறுத்த யாருமில்லை. இரவில் சில நோயாளிகளின் விரல்கள் காணாமற் போனதற்கும் காரணம் தேடினார்கள். தூக்கத்தில் எலி கடித்திருந்தது! அதன்பின் பூனை வளர்க்கச் சொன்னார்கள்.

சதை கெட்டதல்ல, காவல் போனதுதான் கேடு என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுகிறது. வலியுள்ளவன் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்வான். வலியற்றவன் அதே இடத்தை மிதித்துக்கொண்டே போவான். காய்ப்பு ஏறி, உள்ளே சதை நசுங்கி, புண்ணாகும். என் பித்தளைச் சீவலும் அந்தப் பையனின் சாவியும் ஒன்றே என்று இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

கொழும்பும் வேலூரும் கார்வில்லும்

புண்ணுக்கு ஓய்வு வேண்டும், நோயாளியோ நடந்து பிழைக்க வேண்டும். இதற்கு வழிதான் மாவுக்கட்டு. பாதத்தோடு ஒட்டிப் படியும் கட்டு, அழுத்தத்தைப் பாதம் முழுதும் கெண்டைக்கால் வரையும் பங்கிட்டு விடுகிறது. 1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும் தொழுநோய்ப் புண்ணுக்கு இதைக் கையாண்டிருந்தனர். பிராண்டும் அவர் குழுவினரும் அதை வேலூரில் வளர்த்தெடுத்தார்கள். ஆறிய புண் மறுபடி திறவாதிருக்க, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் செருப்புத் தைக்கும் வேலையும் அங்கே நடந்தது. இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1955இல் வேலூருக்கு அருகில் கரிகிரியில் எழுந்த ஷெஃப்லின் நிலையமும் இப்பணியில் ஈடுபட்டது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நீரிழிவுப் பாதங்களைப் பார்த்தபோது வேலூரில் கண்ட அதே புண்ணையே கண்டார். தொழுநோயாளிக்குப் பலித்த கட்டும் செருப்பும் நீரிழிவுக்காரருக்கும் பலித்தன. பாதத்தில் நைலான் இழையை வளையும்வரை அழுத்தி உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் சோதனையும் 1980களில் கார்வில்லில் செய்த ஆய்வால் நிலைபெற்றது. பிராண்ட் 2003இல் மறைந்தார். வலியை யாரும் விரும்பாத பரிசு என்று சொல்லும் தலைப்பில் 1993இல் நூலே வெளியிட்டவர் அவர்.

பாதத்தின் அடியில் உணர்ச்சியின்றி வரும் புண்ணுக்கு, எளிதில் கழற்ற முடியாத, முழங்கால்வரை செல்லும் இத்தகைய காப்பே முதல் தேர்வு என்று 2023இல் வந்த பன்னாட்டு வழிகாட்டியும் சொல்கிறது. கடுமையான சீழோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். ஆகவே கட்டுப் போடுவது தேர்ந்தவர் வேலை.

என் அண்ணன்

இத்தனையும் வேலூரில் இருக்க, அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருந்த என் அண்ணன் 1996இல் கால் இழந்தார். சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், ஊர்க் கோயில் கல்தரையை வெறுங்காலோடு சுற்றினார். கொப்புளம் வந்தது தெரியவில்லை. தெரிந்தபின் வீட்டில் பச்சிலை வைத்துக் கட்டினோம். நாற்றம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மேல ஏறாம இருக்கணும்னா எடுத்துடணும்" என்றார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மூன்று ஆண்டு கட்டிலிலேயே இருந்து போனார். யாரையும் குறை சொல்ல மாட்டேன். குனிந்து அவர் பாதத்தை ஒரு நாளும் பார்க்காதது நாங்கள்தான்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர் 10 கோடிக்கு மேல். நீரிழிவால் கால் எடுக்கப்படுவோரில் 100க்கு 85 பேர் அளவுக்கு முதலில் வந்தது ஒரு சாதாரணப் புண்தான். புண்ணைத் தடுத்தால் காலைக் காக்கலாம் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

முந்திக்கொள்ளும் தானம்

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்று நான்கு தானம் சொல்வது எங்கள் சமண மரபு. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என நீதி நூலுக்கே மருந்தின் பெயர் வைத்தார்கள் முன்னோர். 1968இல் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலை, 1975இல் அங்கே பகவான் மகாவீரர் பெயரில் தோன்றிய அமைப்பு பல லட்சம் பேருக்கு இலவசமாக அளித்தது. போன காலுக்குப் பதில் கால் கொடுப்பது பெரிய அறம். போகாமல் காப்பது அதனினும் பெரிது. இந்தப் பெங்களூரிலேயே பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையில் அடைபட்ட ரத்தக் குழாய்களைத் திறந்து கால் காக்க ஜிவாஸ் என்ற பிரிவு அமைந்தது. கர்நாடக அரசின் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்திலும் பாதத்துக்கெனத் தனிப் பிரிவு வந்தது.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது சிறிதே. தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள்; குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், அல்லது பிள்ளைகள் பார்க்கட்டும். விரலிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரில் காலை வைக்காதீர்கள். செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு அணியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உணர்ச்சிச் சோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்புக் கூடாது என்ற வழக்கத்தை நானும் மதிப்பவன். அதனால் வீட்டுக்கென்றே ஒரு ஜோடியைத் தனியாக வைத்திருக்கிறேன். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போகிறேன், கனத்த பருத்திக் காலுறையோடு. பகவான் கோபிக்கவில்லை.

எட்டு வாரத்தில் என் கட்டு அவிழ்ந்தது, புண் மூடியிருந்தது. இப்போது இரவு தோறும் பேத்தி என் பாதத்தை மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறாள். "இன்னைக்கு ஒண்ணுமில்ல தாத்தா" என்பாள். அண்ணனுக்கு நாங்கள் சொல்லாமற்போன வார்த்தை அது. உங்கள் வீட்டிலும் இன்றிரவு யாராவது சொல்லட்டும்.