கிண்ணத்துக்குள் ஒரு மயில்: அரிக்கமேடு பானை ஓடு சொல்லும் கதை என்ன?

தென் அமெரிக்காவின் இன்கா கைவினைஞர்கள் மண்தட்டுகளில் பறவை, மீன், லாமா எனக் கலர் கலராகத் தீட்டியது சுமார் 500 வருடங்களுக்கு முன்பு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் கிடைத்த பறவைக் கிண்ணங்களுக்கு வயது ஏறத்தாழ 2,000.

ஆனா இதில் பெயின்டிங் கிடையாது. மண் முழுசாகக் காய்வதற்கு முன்பே கிண்ணத்தின் உட்புறம் அச்சு பதித்திருக்கிறார்கள். சிலவற்றில் இலை, சிலவற்றில் மயில் போன்ற பறவை. 1945-ல் இங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், இதைப் பத்தாவது வகை எனப் பட்டியலிட்டார். ஆய்வாளர்கள் இன்றும் அதே நம்பரில்தான் சொல்கிறார்கள்.

வீலர் இங்கே வந்ததே ஒரு ஓட்டால்தான். 1944-ல் சென்னை அருங்காட்சியக அலமாரியில் ரோமானிய மதுச்சாடியின் உடைந்த பாகத்தைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்.

யார் செய்த பாத்திரம்?

சிக்கல் இங்கேதான். அரிக்கமேட்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பாத்திரங்களும் கிடைத்தன. அதனால், உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடுகள் ஓடும் மெல்லிய 'ரௌலட்டட்' தட்டுகளையும் மத்திய தரைக்கடல் பக்கத்துச் சரக்கு என்றே வீலர் கருதினார். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகம் வரை இந்தக் கருத்துதான் ஓடியது.

விமலா பெக்லியின் ஆய்வுகள் இதை அசைத்தன. பிறகு களிமண்ணின் கனிம, வேதியியல் சோதனைகள் வந்தன. ரௌலட்டட் தட்டும் அதோடு சேர்ந்த மெல்லிய பாத்திரங்களும் ஒரே பகுதி மண் என்று தெரிந்தது. அது ரோம் இல்லை, இந்தியாதான். கங்கை கடலில் கலக்கும் வங்கப் பகுதியையே பல ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

அதாவது கிண்ணம் இறக்குமதிதான், ஆனா வந்தது வடக்கிலிருந்து! இதே வகை ஓடுகள் இந்தோனேசியாவின் பாலித் தீவு, செம்பிரானிலும் கிடைத்திருக்கின்றன. ரோமுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தில் வங்கக் கடலின் கிழக்கு வணிகம் ரொம்ப நாள் கண்ணில் படாமலே போய்விட்டது.

எங்கே பார்க்கலாம்?

அரிக்கமேட்டுப் பொருட்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ளன. மேட்டுக்கே போனால் ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே நிற்கும் செங்கல் சுவர்கள் ரோமானியர் கட்டியவை அல்ல, 18-ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ மிஷன் கட்டட இடிபாடு. அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டன. மேட்டின் ஒரு பகுதியை வீலர் வருவதற்கு முன்பே ஆறு அரித்துவிட்டது.