தோல் சீவும் கத்தியின் சரித்திரம்

எழுதுகோலைப் போற்றாத நாடில்லை. வாளைப் பாடாத புலவரும் அரியர். ஆயின், மனிதனின் காலில் முள் தைக்காமற் காத்த கத்தியைப் பற்றி எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கும் அச்சிறு கருவியின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சீவுதல் என்னுஞ் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. பால்மரம் சீவிய கைகள் அதன் நுட்பத்தை நன்கறியும். பட்டையில் ஆழம் போதாவிடின் பால் குறையும். சற்றே மிகுந்தால் மரம் காயப்படும். தோல் சீவுதலும் அத்தகையதே. தடித்த இரு தோல்களை ஒன்றன்மேலொன்று வைத்துத் தைத்தால் அவ்விடம் மேடிட்டுக் காலை உறுத்தும். ஆதலின் விளிம்பை உட்புறத்தே சரிவாகச் சீவிப் பின்னரே இணைப்பர். குறையச் சீவினால் மேடு நிற்கும். மிகச் சீவினால் தையல் பிய்ந்துபோகும்.

இத்தொழிலின் பழமைக்குச் சான்று எகிப்து நாட்டிலுள்ளது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோசு மன்னனுக்கு முதலமைச்சராயிருந்த ரெக்மிரே என்பாரின் கல்லறை, தீப்ஸ் நகரில் நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கின்றது. அதன் சுவரோவியங்களிலே தோல் தொழிலாளரைக் காண்கின்றோம். ஒருவர் தோலைச் சாடியில் ஊறவைக்கிறார். ஒருவர் அதை மரத்தாங்கியின்மேல் இழுத்துப் பதப்படுத்துகிறார். ஒருவர் குத்தூசியால் துளையிடுகிறார். ஒருவர் கையிலே பிறை வடிவான கத்தி விளங்குகின்றது.

ஏறத்தாழ 3,400 ஆண்டுகள் சென்ற பின்னரும் தோல் வேலை செய்வோர் அப்பிறைக் கத்தியைக் கைவிட்டாரில்லை. காரணம் என்ன? கைப்பிடி வளைவின் நடுவே அமைந்திருத்தலால் கையின் விசை நேரே அலகில் இறங்குகின்றது. அலகு நீண்டு வளைந்திருத்தலால் ஒரு பகுதி மழுங்கினும் மறுபகுதி உதவும். வளைவினாற் சீவலாம், முனையினால் நுணுக்கமாக வெட்டலாம்.

அந்நாட்டிலேயே மற்றொரு பழஞ்சான்றும் கிடைத்திருக்கின்றது. ரெக்மிரேயின் காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் முன்னர் எழுந்த ஒரு நூலில், தந்தை தன் மகனை எழுத்தர் பள்ளிக்குப் படகில் அழைத்துச் செல்லும்போது, எழுத்து வேலை ஒன்றே உயர்ந்ததென்று கூறி ஏனைய தொழில்களையெல்லாம் இகழ்கிறான். செருப்புத் தைப்பவனும் அவ்விகழ்ச்சிக்குத் தப்பவில்லை. இந்நூலைப் பள்ளிச் சிறுவர் பல தலைமுறையாகப் படியெடுத்து எழுதிப் பழகினர். எழுத்தைக் கற்கும்போதே ஏளனத்தையும் கற்றனர்! அவ்வெழுத்தர் தம் கால்களில் அணிந்த செருப்பு யார் தைத்தது?

ஐரோப்பாவிலும் கல்விக்குத் தோலே துணை நின்றது. மத்திய காலத்தில் நூல்களைப் பெரும்பாலும் தோலிலேயே எழுதினர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலைப் பிறைக் கத்தியாற் சுரண்டி மென்மையாக்கினர். வளைந்த அலகாயின் அதன் மூலை தோலைக் கிழிக்காது. நூலுக்கு மேலுறையிட்ட தோலும் விளிம்பு சீவப்பட்டே மடிக்கப்பட்டது. 1568இல் ஜெர்மனியில் வெளிவந்த தொழில்களின் நூல் ஒன்று, போப்பாண்டவரையும் சக்கரவர்த்தியையும் காட்டிய ஏடுகளோடு, எழுதுதோல் செய்வோரையும் செருப்புத் தைப்போரையும் சேர்த்தே காட்டியது. அதன் படங்களை வரைந்தவர் யோஸ்ட் அம்மான். பாக்களை இயற்றியவர் ஹான்ஸ் சாக்ஸ். புகழ்பெற்ற அக்கவிஞர் நியூரம்பர்க் நகரத்துச் செருப்புத் தொழிலாளியே என்பது கருதத்தக்கது.

இனி, கருவியைத் தேர்ந்து கையாளும் முறையைச் சிறிது கூறுவோம். பெரிய தோலுக்குப் பிறைக் கத்தி ஏற்றது. சிறு விளிம்புக்கும் நூற்கட்டுக்கும், ஒருபுறம் மட்டும் சாய்வாகத் தீட்டிய தட்டைக் கத்தி நன்று. தோலைப் பளிங்கு போன்ற வழவழப்பான கல்லின்மீது, உட்புறம் மேலாக இருக்குமாறு விரிக்க வேண்டும். கத்தியைத் தாழச் சாய்த்துப் பிடித்து, தோலைப் பற்றிய கைக்கு எதிர்ப்புறமாகத் தள்ள வேண்டும். ஒரே வீச்சிற் சீவ முயலாது, மெல்லிய படலங்களாகப் பன்முறை எடுத்தலே அறிவுடைமை. மெதுவான தோல் கத்தியின்முன் சுருங்கி நெளியுமாதலால் அதற்குக் கூர்மை இன்னும் மிகுதியாக வேண்டும். மழுங்கிய கத்தியே அபாயமானது. அதை அழுத்த வேண்டியிருத்தலால் கை வழுக்கும். ஆதலின் கல்லில் தீட்டியபின் தோல் வாரிலும் தீட்டி, கழிவுத் துண்டொன்றிற் சோதித்த பின்னரே வேலையைத் தொடங்குக.

இத்துணை அறிவு வேண்டும் தொழிலை இழிதொழில் என்றது யார்? சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரை எண்ணுமிடத்துத் தோல் தைப்போரையும் சேர்த்தே எண்ணுகின்றது. பின்வந்த சமூகமோ அவர்களை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிற்று. அவர்கள் பதப்படுத்திய தோல் மத்தளமாகிக் கோயிலுக்குள் முழங்கியது. அவர்களோ வாயிலுக்கு வெளியே நின்றனர். 1947இல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் கதவைத் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், தொழிலின் பெயரையே வசைச் சொல்லாக வழங்கும் வழக்கம் நம் நாவினின்றும் முற்றும் நீங்கிற்றா?

எகிப்தியச் சிறுவர் தம் ஆசான் கொடுத்ததைப் படியெடுத்தனர். நம் வீட்டுச் சிறுவர் நம் வாய்ச்சொல்லைப் படியெடுக்கின்றனர். செருப்புத் தைப்பவரை ‘ஐயா’ என்று நாம் அழைப்பின், அவர்களும் அவ்வாறே அழைப்பர். அந்த ஒரு சொல்லை இன்றே நம் இல்லத்தில் வழங்கத் தொடங்குவோமாக!